உடைந்தவை எங்களுக்கு

நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் எங்கள் ஊருக்குத் திரும்பும்.
ஐஸ்லாந்தின் வடக்கு விளிம்பு அப்படி.
நடுவில் ஒரு ஞாயிறு வரும்,
மாமா வீட்டில் இலை ரொட்டி சுடும் ஞாயிறு.

போகிற வழியில் மலையைக் குடைந்த சுரங்கம்.
ஒரே ஒரு வண்டித் தடம்.
எதிரில் விளக்குத் தெரிந்தால்
பக்கச் சுவரின் குழிவில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும்.
காத்திருக்கும்போதெல்லாம் அப்பா பாடுவார்.
எப்போதும் ஒரே பாட்டு, அதிலும் பாதிதான் தெரியும்,
மீதிக்கு ம்ம் ம்ம்.
அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தோர்கிரிம் மாமாவுக்கு முந்நூறு ஆடுகள், ஒன்பது விரல்கள்.
தேய்த்த மாவை நாளிதழின் இரங்கல் பக்கத்தில் விரித்து
இறந்தவர் பெயரை உரக்கப் படிப்பார்.
படிக்க முடிந்தால் மெலிந்தது போதும்,
முடியாவிட்டால் இன்னும் நாலு தேய்.
அப்படித்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன்,
ரொட்டிக்கு அடியில் செத்தவர்களோடு.

தட்டைக் கவிழ்த்து வட்டம் வெட்டி
ஆளுக்கொரு பேனாக்கத்தி.
கூரை கூரையாகக் கீறி
ஒன்று விட்டு ஒன்றை மடிக்க வேண்டும்.
ஹ்ரெஃப்னா வெட்டினால் பனித்துகள்.
நான் வெட்டிய மீனை
எல்லோரும் உருளைக்கிழங்கு என்றார்கள்.
அப்பாவுக்குப் பொறுமை கிடையாது.
தன் பெயரின் முதல் எழுத்தை,
அந்தப் பாம்பு வளைவை மட்டும் கீறி
முடிந்தது என்று எழுந்துவிடுவார்.

பொரிப்பது கராஜில்.
ஆட்டுக்கொழுப்பின் வாசம் திரைச்சீலையில் ஏறினால்
ஈஸ்டர் வரை இறங்காது.
முழு ரொட்டி தகர டப்பாவுக்கு, கிறிஸ்துமஸ் இரவுக்கு.
உடைந்தவை எங்களுக்கு, அப்போதே, சுடச்சுட.
அதனால் டிசம்பரில்
எங்கள் முழங்கைகள் சொன்ன பேச்சுக் கேட்காது.
மாமா நோட்டில் கணக்கு எழுதுவார்,
எழுதுகிறபோது சுவரைப் பார்த்துக்கொள்வார்.

(இப்போது ரெய்க்யாவிக் கடையில்
தேய்த்த வட்டங்களே உறையவைத்துக் கிடைக்கின்றன.
வாங்குகிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன.
அடியில் யாரும் செத்திருப்பதில்லை.)

எனக்கு ஒன்பது வயதில்
அப்பா நார்வேக்குக் கப்பலில் போனார்.
கப்பல் திரும்பி வந்தது.

அந்த வருடம் அம்மா ஓட்டினாள்.
சுரங்கத்தில் ஒதுங்கினோம்.
எதிர் வண்டி போனது.
இன்னொன்றும் போனது.
மூன்றாவதும் போன பிறகுதான் கியர் மாற்றினாள்.

மேசையில் மாமா
பழக்கத்தில் ஏழு கத்திகள் வைத்திருந்தார்.
ஏழாவதை யாரும் நகர்த்தவில்லை, பார்க்கவுமில்லை.
நான் எடுத்தேன்.
பாம்பு வளைவைக் கீறினேன்,
இடம் வலமாகத் திரும்பியிருந்தது.
யாரும் திருத்தவில்லை.

கொழுப்பில் அது வெடிக்கவில்லை, குமிழவில்லை.
மாமா மூடியால் அழுத்தியும் விரிசல் விடவில்லை.
அன்று வெந்ததில் அதுதான் அழகு,
அதுதான் சங்கடம்.
கை மாறிக் கை மாறி டப்பாவை நோக்கிப் போனது,
சூடான பொருளைக் கடத்துவதுபோல.

அம்மாவிடம் வந்து நின்றது.
ஒரு ரொட்டியைக்கூட உடைத்தறியாதவள்
இரண்டு கையாலும் பிடித்து
விறகுக்குச்சி போல முறித்தாள்.
"அடடா, உடைந்துவிட்டதே" என்றாள்,
நாங்கள் சொல்லும் அதே திருட்டுக் குரலில்.

முதலில் சிரித்தது ஹ்ரெஃப்னா.
வெண்ணெய் தடவித் தின்றோம்.
வால் பக்கம் எனக்கு.
கொஞ்சம் உப்பு கூட.
மாமா நோட்டில் எழுதினார்: உடைந்தது ஒன்று.
இந்த முறை தாளைப் பார்த்தே எழுதினார்.

திரும்பும் வழியில் மறுபடி குழிவில் நின்றோம்.
தூரத்தில் ஒரு விளக்கு, மெதுவாக வந்தது.
அம்மா அந்தப் பாட்டைத் தொடங்கினாள்,
அப்பா ம்ம் போடும் இடத்திலிருந்து.
சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன அவளுக்கு.